நேர்கோட்டுப் பந்தயம்: டிராக் ரேஸ் தொழிலான கதை

தை பிறந்துவிட்டால் கிருஷ்ணகிரி மாவட்டத்துக் கிராமங்களில் தெருவின் இரு பக்கமும் கட்டைகள் நட்டுத் தடுப்புக் கட்டத் தொடங்கிவிடுவார்கள். எருது விடும் விழா வருகிறது என்று அர்த்தம். மதுரைப் பக்கத்து ஜல்லிக்கட்டு போல இங்கே திமிலைப் பிடித்துத் தொங்குவதில்லை. ஓசூர், சூளகிரி வட்டாரத்தில் கொம்பில் கட்டிய வண்ணத் தட்டியைப் பறிப்பதுதான் விளையாட்டு. கிருஷ்ணகிரி, பர்கூரில் தொடங்கித் திருப்பத்தூர், வேலூர் வரை நடப்பது இன்னொரு வகை. காளையை ஒற்றையாக அவிழ்த்து விடுவார்கள். இந்தக் கோட்டிலிருந்து அந்தக் கோட்டை அடைய அதற்கு எத்தனை வினாடி பிடித்தது என்று குறித்துக்கொள்வார்கள். குறைந்த வினாடியில் கடந்த காளைக்கு முதல் பரிசு. வளைவு கிடையாது, சுற்றும் கிடையாது. நேரான பாதை, கடிகாரம், பரிசுப் பணம் என்ற மூன்றே சங்கதிதான்.

காளை நிற்கும் இடத்தில் ஒரு வண்டியை நிறுத்துங்கள். அதுதான் டிராக் ரேஸ்.

உலகெங்கும் அதன் பழைய அளவு கால் மைல், அதாவது 402 மீட்டர். இந்தக் கால் மைலும் விலங்கின் ஓட்டத்திலிருந்து வந்த அளவுதான். அமெரிக்காவில் குடியேறிய வெள்ளையர்கள் ஊர்த் தெருவிலேயே கால் மைல் தூரத்துக்குக் குதிரைகளை ஓடவிட்டார்கள். அந்தத் தூரத்தில் சீறிப் பாயும் குதிரை இனத்துக்கு 'குவார்ட்டர் ஹார்ஸ்' என்ற பெயரே நிலைத்துவிட்டது. குதிரைக்குப் பின் கார் வந்தது, பைக் வந்தது. தூரம் மட்டும் வெகுகாலம் மாறவில்லை.

பந்தயம் எளிதாகத் தெரியும். இரண்டு வண்டிகள் பக்கத்துப் பக்கத்துத் தடத்தில் அசையாமல் நிற்கும். நடுவில் ஒரு கம்பத்தில் விளக்குகள். மஞ்சள் எரிந்து பச்சை விழுந்ததும் பாய வேண்டும். பச்சைக்கு முன்பே நகர்ந்தால் சிவப்பு எரியும், ஆட்டம் முடிந்தது. 1963-ல் இந்த விளக்குக் கம்பம் வரும்வரை ஒரு மனிதர் கொடியை வீசித்தான் தொடங்கிவைத்தார். விளக்கு வந்த பிறகு, கொடிக்காரர் ஒருவருக்குச் சாதகமாக வீசினார் என்ற சண்டைக்கு இடமில்லாமல் போயிற்று.

பட்டறைக்காரர்களுக்குத் தெரிந்த உண்மை ஒன்று உண்டு. இந்தப் பந்தயம் பெரும்பாலும் முதல் இருபது மீட்டரிலேயே தீர்மானமாகிவிடும். எஞ்சினில் எவ்வளவு குதிரைத்திறன் இருந்தாலும் அது தரைக்குப் போய்ச் சேர ஒரே வழி, உள்ளங்கை அகலத்துக்குத் தரையைத் தொடும் பின் டயர். ஆக்சிலரேட்டரை முறுக்கியதும் வண்டியின் எடை பின்பக்கம் சாய்கிறது. பின் டயர் தரையில் அழுந்துகிறது. அதுவரை நல்லது. கொஞ்சம் கூடினால் முன்சக்கரம் தூக்கிக்கொள்ளும். சாலையில் வீலிங் அடிக்கிற பையனுக்கு அது சாகசம். டிராக் ஓட்டுநருக்கோ நஷ்டம், ஏனென்றால் முன்னால் தள்ள வேண்டிய சக்தி மேலே தூக்குவதில் வீணாகிறது. அதனால்தான் டிராக் பைக்கில் பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மை நீளமாக்கிச் சக்கரத்தைப் பின்னுக்குத் தள்ளுகிறார்கள். வண்டியைத் தரையோடு தரையாக இறக்குகிறார்கள். ஓட்டுநர் டேங்கின்மேல் படுத்துக்கொள்கிறார். ஓடுவதற்கு முன் பின்சக்கரத்தை நின்ற இடத்திலேயே சுழலவிட்டுப் புகை கிளப்புவது பார்ப்பவர்களுக்காகச் செய்யும் வித்தை என்று நினைக்கிறோம். டயரைச் சூடாக்கி ரப்பரை இளகவைக்கிற வேலை அது.

இளகிய ரப்பர் ஒரு பழைய கணக்கையே பொய்யாக்கியது. டயரின் பிடிப்பு வண்டியின் எடையைத் தாண்டாது என்று வைத்துக்கொண்டால், வண்டியின் முடுக்கம் புவியீர்ப்பின் அளவான 9.8-ஐத் தாண்ட முடியாது. பிளஸ் ஒன் இயற்பியல் படித்தவர்கள் போட்டுப் பார்க்கலாம்: அந்த முடுக்கத்தில் 402 மீட்டரைக் கடக்க 9 வினாடிக்குச் சற்று மேல் ஆகும், முடிவில் வேகம் மணிக்குச் சுமார் 320 கிலோமீட்டர். இதற்கு மேல் எந்த எஞ்சினாலும் முடியாது என்று கணக்குச் சொல்கிறது. 1964 ஆகஸ்டில் டான் கார்லிட்ஸ் என்பவர் தன் பந்தயக் காரில் 7.78 வினாடியில் கடந்தார். முடிவுக் கோட்டில் வேகம் 324. சூடான ரப்பர் தரையின் நுண்ணிய பள்ளங்களுக்குள் இறங்கிக் கவ்விக்கொள்கிறது. பாடநூலின் உராய்வு விதி அதற்குப் பொருந்துவதில்லை.

கார்லிட்ஸைத் தெரிந்துகொண்டால் இந்தப் பந்தயம் பிழைப்பாக மாறிய கதையும் தெரிந்துவிடும்.

இரண்டாம் உலகப் போர் முடிந்து ஊர் திரும்பிய அமெரிக்க இளைஞர்களுக்கு எஞ்சினைப் பிரித்துப் பூட்டத் தெரிந்திருந்தது. பழைய கார்களை வாங்கி, தேவையில்லாத தகட்டையெல்லாம் கழற்றி எறிந்து, இரவில் பொதுச் சாலையில் ஓட்டினார்கள். பலர் செத்தார்கள். போலீஸ் விரட்டியது. போருக்காகப் போட்ட விமான ஓடுதளங்கள் அப்போது சும்மா கிடந்தன. 1950 ஜூனில் கலிஃபோர்னியாவின் சான்டா அனா விமான நிலையத்தின் ஒரு பகுதியில், கட்டணம் வாங்கி முறையாகப் பந்தயம் நடத்தத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டே வாலி பார்க்ஸ் என்ற பத்திரிகை ஆசிரியர் தேசிய அளவில் ஒரு சங்கத்தைத் தொடங்கினார். அந்தச் சங்கம் செய்த ஒரு காரியத்தைத்தான் நான் மிகப் பெரிதாக மதிக்கிறேன். 1954-ல் நான்கு பேர் ஒரு வண்டியில் கடிகாரக் கருவிகளை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள். தடம் எப்படி அமைப்பது, கூட்டத்தை எங்கே நிறுத்துவது, வண்டியைப் பந்தயத்துக்கு முன் எப்படிச் சோதிப்பது என்று அந்தந்த ஊர் இளைஞர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். நால்வரில் ஒருவர் போலீஸ்காரர்.

ஆனால் சங்கம் கொடுத்தது பெரும்பாலும் கோப்பை. கோப்பையை வைத்து அடுப்பு எரியாது. 1957-ல் அந்தச் சங்கம் நைட்ரோமீத்தேன் எரிபொருளைத் தடை செய்தது. நைட்ரோமீத்தேன் தன் மூலக்கூறுக்குள்ளேயே ஆக்சிஜனைச் சுமந்து வருவது. உள்ளே இழுக்கும் காற்றை மட்டும் நம்ப வேண்டியதில்லை என்பதால், அதே சிலிண்டரில் பெட்ரோலைவிடப் பல மடங்கு எரிபொருளை எரிக்கலாம். வேகம் எகிறும், எஞ்சின் வெடிக்கவும் செய்யும். அந்தத் தீயையும் ஓசையையும் பார்க்கவே மக்கள் டிக்கெட் வாங்கினார்கள். அதனால் சங்கத்துக்குக் கட்டுப்படாத தடங்களின் முதலாளிகள் நைட்ரோ வண்டிகளை அழைத்து, வருவதற்கே பணம் கொடுக்கத் தொடங்கினார்கள். ஃபுளோரிடாவில் வீட்டருகே சொந்தக் கையால் வண்டி கட்டிக்கொண்டிருந்த கார்லிட்ஸ், 1959-ல் அப்படிப் பணம் வாங்கிக்கொண்டு நாட்டின் மறு கோடியான கலிஃபோர்னியாவின் பேக்கர்ஸ்ஃபீல்டுக்கு வண்டியை இழுத்துப் போனார். பொழுதுபோக்கு தொழிலானது இப்படித்தான். ஊருக்கு ஊர் ஒப்பந்தம், மூன்றில் இரண்டு ஓட்டம் ஜெயித்தவர் வெற்றியாளர், வாசலில் வசூலான பணத்திலிருந்து கூலி. தன் வண்டிகளுக்கெல்லாம் அவர் வைத்த பெயர் 'சதுப்பு எலி'.

1970 மார்ச்சில் கலிஃபோர்னியாவில் ஒரு தடத்தில் அவருடைய காலடியில் கியர் பெட்டி வெடித்தது. வலது பாதத்தின் ஒரு பகுதி போயிற்று. அதுவரை இந்தக் கார்களில் எஞ்சின் முன்னால், ஓட்டுநர் அதற்குப் பின்னால். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர் எஞ்சினைத் தனக்குப் பின்னால் வைத்து வண்டி கட்டி, 1971-ல் அதை ஓட்டி வென்றார். சில ஆண்டுகளில் எல்லோரும் அந்த அமைப்புக்கு மாறினார்கள். இன்றுவரை அதுதான் நடைமுறை. எத்தனை உயிரை அந்த ஒரு மாற்றம் காத்திருக்கும் என்று நினைத்தால் மனம் நெகிழ்கிறது. 1972-ல் அவரே முன்னின்று, சங்கத்தின் பெரிய போட்டி நடக்கும் அதே வாரக்கடைசியில், அதைவிடப் பெரிய பரிசுத்தொகை வைத்து டல்சா நகரில் போட்டி நடத்தினார். உயிரைப் பணயம் வைக்கிறவனுக்குச் சரியான கூலி கொடு என்பதுதான் அவர் கேட்டது.

விளம்பரப் பணம் வந்த வழி நம் பிள்ளைகளுக்கு நெருக்கமானது. டான் புருடோம் என்பவருக்குப் பட்டப்பெயர் பாம்பு. அவரோடு மோதிய டாம் மெக்யூவன் கீரி என்ற பட்டப்பெயரோடு களமிறங்கி, அந்தப் பெயரின் ஆங்கில எழுத்துகளில் ஒன்றை டாலர் குறியாக எழுதினார். 1970-ல் இந்தப் பாம்பு–கீரிச் சண்டைக்குப் பணம் போட்டது ஒரு பொம்மை நிறுவனம். இன்று நம் ஊர்க் கடைகளில் தொங்கும் ஹாட் வீல்ஸ் கார்கள் அந்த நிறுவனத்தின் சரக்குதான்.

இப்போது ஓசூருக்கு வருவோம். 1980-ல் இங்கிருந்துதான் டிவிஎஸ் 50 வெளிவந்தது. 1982-ல் டிவிஎஸ் ரேசிங் தொடங்கியது. இந்தியாவில் ஒரு தொழிற்சாலையே பந்தய அணி வைத்தது அதுதான் முதல்முறை. அந்தக் காலத்துப் பந்தயக் களம் சென்னைக்கு அருகே சோழவரம். போர்க்காலத்து விமான ஓடுதளம் அது, சான்டா அனாவைப் போலவே. 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் முறையான தடம் வந்தது. தேசிய டிராக் போட்டியும் அங்கே நடக்கிறது. அந்தப் பட்டத்தைப் பலமுறை வென்ற ஹேமந்த் முத்தப்பா நமக்குப் பக்கத்து ஊரான பெங்களூருக்காரர்.

இந்த எல்லைப் பகுதியில் டிராக் என்றால் பலருக்கும் முதலில் ஞாபகம் வருவது டூ ஸ்ட்ரோக் வண்டிதான். எஞ்சின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை வெடித்துத் தள்ளும். ஃபோர் ஸ்ட்ரோக்கில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான். யமஹா ஆர்எக்ஸ் 100 வெறும் 98 சிசி, 11 குதிரைத்திறன். ஆனால் எடை குறைவு, அதனால் அந்தப் பிக்கப். 1993-ல் ஓசூரிலிருந்தே வந்த சுசூகி ஷோகன் அதைவிடக் கூடுதல் சக்தி கொண்டது. சிலிண்டரின் துளைகளைத் தேய்த்து அகலமாக்கி, சைலன்சரை மாற்றி வெல்டிங் வைத்து, லேத் பட்டறையில் ஹெட்டைச் சீவி வேகம் கூட்டிய கைகள் இந்த வட்டாரத்தில் ஏராளம். சிப்காட்டில் பகலெல்லாம் நூறில் ஒரு மில்லிமீட்டர் பிசகாமல் உலோகம் கடைகிறவர்கள் அவர்கள். இன்று ஓசூரில் ஏதரும் போச்சம்பள்ளியில் ஓலாவும் மின்சார ஸ்கூட்டர் செய்கின்றன. மின்மோட்டார் நின்ற நிலையிலேயே முழுத் திருகுவிசையைத் தரும். கிளட்ச் வேண்டாம், கியர் வேண்டாம். முதல் இருபது மீட்டருக்காகவே செய்தது போன்ற எந்திரம் அது.

இத்தனை இருந்தும் பையன்கள் எங்கே ஓட்டுகிறார்கள்? ஞாயிறு விடியற்காலையில் பெங்களூரு–ஓசூர்–கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையோரம் நின்றால் காதில் விழும். லாரி திரும்பும், அம்மா ஒருத்தி குடத்தோடு சாலையைக் கடப்பார், நாய் குறுக்கே வரும். அங்கே ஜெயித்தவனுக்குக் கிடைப்பது பந்தயக் காசு. தோற்றவனுக்கு என்ன ஆகும் என்பது சாலையோரம் மாலை போட்டு வைத்த படங்களைப் பார்த்தால் தெரியும். வேகமாகப் போவதைவிட நிற்பதுதான் இந்த விளையாட்டில் கஷ்டம். 2008-ல் ஸ்காட் கலிட்டா என்ற ஓட்டுநர் வண்டியை நிறுத்த முடியாமல் தடத்தின் கோடியைத் தாண்டிப்போய் இறந்தார். அதன் பிறகு அமெரிக்காவின் அதிவேக வகைகளில் கால் மைலையே 305 மீட்டராகக் குறைத்துவிட்டார்கள். அத்தனை ஏற்பாடு உள்ள தடத்திலேயே அப்படி.

எருது விடும் விழாவும் ஒருநாள் சாலைக்கு வந்தது. 2023 பிப்ரவரி 2 அன்று, ஓசூர் அருகே கோபசந்திரத்தில் விழாவுக்கு அனுமதி தாமதமானதால் மக்கள் தேசிய நெடுஞ்சாலையை மறித்தார்கள். கல்வீச்சு நடந்தது, வண்டிகள் மணிக்கணக்கில் நின்றன. அந்த விழாவுக்கு அப்போதே சட்டம் இருந்தது. 2017-ல் தமிழ்நாடு இயற்றிய சட்டத் திருத்தத்தில் எருது விடும் விழா பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருக்கிறது. 2023 மே 18-ல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லும் என்றது. தடுப்பு, கால்நடை மருத்துவர், ஆம்புலன்ஸ், மாவட்ட ஆட்சியர் அனுமதி எல்லாம் காளை ஓட்டத்துக்கு உண்டு. காளைக்கு இவ்வளவு யோசித்த நாம் பிள்ளைகளுக்கு யோசிக்கவில்லை.

ஓசூர் அருகே பேளகொண்டப்பள்ளியில் தனியார் விமான ஓடுதளம் ஒன்று இருக்கிறது. நீளம் இரண்டு கிலோமீட்டருக்கு மேல். அதுவோ, சிப்காட்டுக்குள் நேராகப் போகும் ஒரு சாலையோ போதும். 400 மீட்டர் ஓட, அதைப் போல இரு மடங்கு நிற்க. மாதத்தில் ஒரு ஞாயிறு, ஆலைகளின் உதவியோடு, மோட்டார் பந்தயக் கூட்டமைப்பின் விதிப்படி, நல்ல கடிகாரமும் கௌரவமான பரிசுத்தொகையும் வைத்து நடத்தலாம். ஆட்சியரும் காவல்துறையும் ஆலை நிர்வாகங்களும் ஒருமுறை உட்கார்ந்து பேச வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். தம்பிமார்களுக்கு ஒரு வார்த்தை: இருங்காட்டுக்கோட்டை நம் ஊரிலிருந்து 250 கிலோமீட்டருக்கு மேல்தான், இருந்தாலும் போகக்கூடிய தூரம். வண்டியை டெம்போவில் ஏற்றிக்கொண்டு அங்கே போய் ஓட்டுங்கள். நெடுஞ்சாலையில் வேண்டாம்.