பன்மைக் கட்டுரைக்குப் பொருள் தெரிதல்

ஐக்கிய அமெரிக்காவின் பெரும்பாலான வைத்தியக் கல்லூரிகளிற் புக விரும்புவோர், பொது விண்ணப்பத்துடன், இடைவெளி உட்பட 5,300 குறிகளுக்கு மேற்படாத தன்விளக்கக் கட்டுரையொன்றை வரைதல் வேண்டும். அதன்பின், தம் மாணவர் குழாத்தின் பன்மைக்கு அவர் சேர்ப்பது யாது எனக் கல்லூரிகள் பல தனித்தனியே வினவுகின்றன. அங்குக் குடியேறிய நம்மவர்தம் மக்களும் இவ்வினாவை எதிர்நோக்குதலின், அதற்குப் பொருள் தெரியும் முறையை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

பன்மை என்றதும் இனம், சமயம், மொழி என்பனவே பலர் நினைவிற்கு வரும். 2023 ஆம் ஆண்டு யூன் 29 ஆந் திகதி அந்நாட்டு அதியுயர் நீதிமன்றம், இனத்தைக் கணித்து மாணவரைச் சேர்த்தல் அரசியலமைப்புக்கு முரண் எனத் தீர்ப்பளித்தது. ஆயினும், இனம் தம் வாழ்வைத் தொட்டவாற்றை மாணவர் எழுதின், அதனால் வெளிப்படும் துணிவையும் ஆற்றலையும் கருதலாம் எனப் பிரதம நீதியரசர் ரொபேட்ஸ் விளக்கினார். எனவே பிறப்பைக் கூறி நிறுத்துதல் போதாது; அதனாற் கற்றதும் செய்ததும் கூறல் வேண்டும். கமத்தொழில், படைச்சேவை, நோயுற்ற உடன்பிறப்பைப் பேணல் ஆகியனவும் தக்க பொருள்களே.

பெற்றோர் பட்ட போர்த்துயரைப் பிள்ளை தன்னதாக வரைதல் தகாது. ஆங்கிலம் அறியாப் பாட்டியாருக்கு வைத்தியசாலையில் மொழிபெயர்த்து நின்ற பேர்த்தியோ, நோயாளர் அஞ்சிச் சொல்லாது விடுவன எவை என்பதை நேரே அறிவாள். அஃது அவளுக்கே உரிய பொருள்.

தெரிந்த பொருள் தன் அனுபவமா, முதற்கட்டுரையில் வாராததா, சகமாணவருக்கும் நோயாளருக்கும் பயன்படுவதா, நேர்முகப் பரீட்சையிற் கேட்பின் விரித்துரைக்கத் தக்கதா என நான்கும் வினவித் தெளிக. நான்கிற்கும் ஆம் என விடைவரின் துணிந்து எழுதலாம். ஒன்றேனும் குறையின் வேறு பொருள் நாடுதலே நன்று.