ப்ரைட் மாதத்தில் ஏன் டிஸ்கோ? நியூயார்க் நடனத் தளங்கள் சொல்லும் கதை

‘டிஸ்கோ’ன்னு சொன்னதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? ஜிகினா சட்டை, கூரையில் சுழலும் கண்ணாடி உருண்டை, 1982-ல் வந்த மிதுன் சக்கரவர்த்தியின் ‘டிஸ்கோ டான்சர்’. ஆனால் ஜூன் மாதத்தில், நியூயார்க்கிலோ லண்டனிலோ வேலை பார்க்கும் நண்பரின் இன்ஸ்டா ஸ்டோரியைத் திறந்தால் இதே டிஸ்கோ வேறு கோலத்தில் வரும். வானவில் நிறத்தில் ஒரு போஸ்டர், ‘குயர் டிஸ்கோ’ என்று தலைப்பு, கீழே சின்ன எழுத்தில் ‘எல்லோரும் வரலாம்’.

கொண்டாட்டம்னா பாட்டும் ஆட்டமும் இருக்கத்தானே செய்யும், இதுல விளக்க என்ன இருக்கு? இருக்கிறது. அந்தச் சின்ன எழுத்து வரிக்குப் பின்னால் அரை நூற்றாண்டுச் சண்டை உண்டு. அதில் ஒரு பகுதி போலீஸோடு நடந்தது. இன்னொரு பகுதி, பால்புதுமையினர் தங்களுக்குள்ளேயே போட்டுக்கொண்டது.

ஆடினாலே குற்றமா?

1960-களின் நியூயார்க்கில் கிட்டத்தட்ட அப்படித்தான். தன்பாலீர்ப்பாளர்கள் கூடும் பாரை ‘ஒழுங்கீனமான இடம்’ என்று சொல்லி, மது உரிமத்தைப் பறிக்க அதிகாரிகளுக்கு வழி இருந்தது. ஆணும் ஆணும் சேர்ந்து ஆடினால் கைதாகலாம். முறையாக பார் நடத்துபவர்கள் ஒதுங்கிக்கொள்ள, அந்த இடத்தை மாஃபியா பிடித்துக்கொண்டது.

கிரீனிச் வில்லேஜ் பகுதியின் ஸ்டோன்வால் இன் அப்படிப்பட்ட ஒரு பார். மது உரிமம் கிடையாது. கவுண்டருக்குப் பின்னால் கிளாஸ் கழுவக் குழாய்த் தண்ணீர்கூடக் கிடையாது. ஊற்றிக் கொடுப்பதும் தண்ணீர் கலந்த சரக்கு. அப்புறம் ஏன் அவ்வளவு கூட்டம்? ஏன்னா, அங்கே ஆடலாம். ஜூக்பாக்ஸில் பாட்டைப் போட்டு, பிடித்தவரின் தோளில் கைபோட்டு ஆட முடிந்த மிகச் சில இடங்களில் அது ஒன்று. போலீஸ் வருகிறது என்றால் விளக்குகள் பளிச்சென எரியும்; எல்லோரும் விலகி நிற்பார்கள்.

1969 ஜூன் 28 அதிகாலை ரெய்டு வந்தபோது கூட்டம் கலையவில்லை, எதிர்த்து நின்றது. சரியாக ஓராண்டு கழித்து அதன் நினைவாக நடந்த ஊர்வலம்தான் இன்றைய ப்ரைட் பேரணிகளின் தொடக்கம். (சென்னையில் 2009-ல் தொடங்கிய பேரணிக்கு ‘வானவில் சுயமரியாதைப் பேரணி’ என்று பெயர். ‘ப்ரைட்’டுக்கு இதைவிடப் பொருத்தமான தமிழ் கிடைக்குமா என்ன!)

மாடியில் ஒரு காதலர் தினம்

ஸ்டோன்வாலுக்கு எட்டு மாதம் கழித்து, 1970 பிப்ரவரி 14 அன்று, டேவிட் மன்கூசோ என்ற இளைஞர் தன் வீட்டிலேயே ஒரு பார்ட்டி வைத்தார். இடம், 647 பிராட்வே. பழைய தொழிற்கூடக் கட்டடத்தின் பெரிய ஹால் அது. இப்படிப்பட்ட இடத்தை அங்கே ‘லாஃப்ட்’ என்பார்கள். பார்ட்டிக்கும் அதுவே பெயராகிவிட்டது.

மன்கூசோ அனாதை இல்லத்தில் வளர்ந்தவர். அங்கிருந்த கன்னியாஸ்திரீ ஒருவர் பலூன் கட்டி, ரெக்கார்டு பிளேயரில் பாட்டுப் போட்டுக் குழந்தைகளைக் குஷிப்படுத்துவாராம். லாஃப்டின் கூரையெல்லாம் பலூன் தொங்கியதற்குப் பின்னால் இருந்தது அந்த ஞாபகம்தான். ‘டிஸ்கோ’ என்று தனியாக ஓர் இசைவகைக்குப் பெயர் வராத காலம். சோல், ராக், ஆப்பிரிக்க டிரம்ஸ் என்று எது உடம்பை அசைக்குமோ அது ஒலித்தது.

முக்கியமான விஷயம், அங்கே மது விற்கவில்லை. ஜூஸ், பழம், சாப்பாடு எல்லாம் நுழைவுக் கட்டணத்திலேயே அடக்கம். காசு இல்லாதவர், பிறகு தருகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு உள்ளே போகலாம். மது விற்காத இடத்துக்கு மது உரிமம் எதற்கு? உரிமத்தை வைத்து மிரட்டும் வேலையே அங்கே செல்லாது. நகர நிர்வாகம் வேறொரு உரிமத்தைச் சொல்லி வழக்குக்கு வந்தபோதும், ‘இது என் வீடு, நான் எதையும் விற்கவில்லை’ என்ற வாதத்தில் மன்கூசோவே ஜெயித்தார்.

அழைப்பிதழ் இருந்தால்தான் அனுமதி. ஆனால் அந்த அழைப்பிதழ் கறுப்பினத்தவருக்கும் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினருக்கும், ஆண், பெண் என்ற பேதமில்லாமல் போனது. இன்றைய ‘எல்லோரும் வரலாம்’ பார்ட்டிகள் பலவும் தங்கள் முன்னோடியாகச் சொல்வது லாஃப்டைத்தான்.

உள்ளே யார், வெளியே யார்?

எல்லா இடமும் அப்படி இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஸ்டோன்வாலுக்குப் பிறகு உருவான ‘கே லிபரேஷன் ஃப்ரன்ட்’, மாஃபியா பார்களுக்கு மாற்றாக நடன இரவுகளை நடத்தியது. போய்ப் பார்த்தால் இருட்டு, நெரிசல், பெரும்பாலும் ஆண்கள். பெண்களுக்கு நிற்கவே இடமில்லை. விடுதலை பேசிய அமைப்பிலேயே இந்த நிலை! 1970-ல் அந்த அமைப்பின் பெண்கள் தனியாக நடன இரவு தொடங்கிவிட்டார்கள்.

அடுத்த சில ஆண்டுகளில் வெள்ளை இன ஆண்கள் மட்டுமே அதிகம் தென்படும், காசு கூடிய மெம்பர்ஷிப் கிளப்கள் முளைத்தன. 1977-ல் திறந்த ஸ்டூடியோ 54-ன் வாசலில் கயிறு கட்டி, ‘நீ வா, நீ போ’ என்று ஆள் பார்த்து அனுப்பினார்கள். அந்தப் புத்தாண்டு இரவில் அப்படித் திருப்பி அனுப்பப்பட்ட இருவர், ‘ஷீக்’ இசைக்குழுவின் நைல் ராட்ஜர்ஸும் பெர்னார்ட் எட்வர்ட்ஸும். இத்தனைக்கும் அவர்களது பாட்டுகள் உள்ளே ஒலித்துக்கொண்டிருந்தன. வீட்டுக்குப் போய், கடுப்பில் வாசிக்க ஆரம்பித்ததுதான் 1978-ன் சூப்பர் ஹிட்டான ‘லீ ஃப்ரீக்’.

டிஸ்கோவை வெறுத்தவர்களும் இருந்தார்கள். 1979 ஜூலை 12, சிகாகோ பேஸ்பால் மைதானம். ஒரு டிஸ்கோ இசைத்தட்டைக் கொண்டுவந்தால் 98 சென்ட்டில் டிக்கெட். குவிந்த தட்டுகளை மைதானத்தில் வெடிவைத்துத் தகர்க்க, கூட்டம் உள்ளே பாய்ந்து, அடுத்த ஆட்டமே ரத்தானது. அன்று அங்கே பணியில் இருந்த கறுப்பின இளைஞர் வின்ஸ் லாரன்ஸ், கொண்டுவரப்பட்டவற்றில் டிஸ்கோவே அல்லாத கறுப்பினக் கலைஞர்களின் தட்டுகளும் இருந்ததாகப் பின்னாளில் சொன்னார். கோபம் வெறும் மியூசிக் மேல்தானா என்ற கேள்வி இன்றும் இருக்கிறது. அதே சிகாகோவில், ‘வேர்ஹவுஸ்’ கிளப்பில் பிராங்கி நக்கில்ஸ் இசைத்த பாணியிலிருந்து ‘ஹவுஸ்’ இசை பிறந்தது; லாரன்ஸும் அதன் முன்னோடிகளில் ஒருவரானார்.

துக்கமும் இதே தளத்தில்தான்

1982 ஏப்ரலில், எய்ட்ஸுக்கு இன்னும் அந்தப் பெயர்கூட வைக்கப்படாத நேரத்தில், நோயாளிகளுக்காகத் தொடங்கப்பட்ட ஓர் அமைப்பு முதல் பெரிய நிதி திரட்டலை ஒரு டான்ஸ் கிளப்பில் நடத்தியது. கறுப்பின, லத்தீன் இளைஞர்கள் கொண்டாடிய ‘பாரடைஸ் கராஜ்’ அது. ஐந்து ஆண்டுகளில் கிளப் மூடப்பட்டது. அதன் உரிமையாளர் மைக்கேல் பிராடியும் அதே ஆண்டு எய்ட்ஸால் இறந்தார். 2016 ஜூனில் ஒர்லாண்டோவின் பல்ஸ் கிளப்பில் ‘லத்தீன் நைட்’ நடந்தபோது துப்பாக்கிச் சூட்டில் 49 பேர் கொல்லப்பட்டார்கள். அதுவும் ப்ரைட் மாதம்தான்.

அப்படியென்றால் இன்று?

‘எல்லோரும் வரலாம்’னு போஸ்டர்ல போடுறது ஈஸி. அதை நிஜமாக நினைக்கும் அமைப்பாளர்களை வேறு சில விஷயங்களில் அடையாளம் காணலாம். டிக்கெட் ஒரே விலையில் இருக்காது. சம்பளத்துக்கு ஏற்ப இரண்டு மூன்று விலை, திருநர்களுக்குச் சலுகையோ இலவசமோ இருக்கும். வீல்சேர் உள்ளே வர முடியுமா என்பதை முன்கூட்டியே சொல்வார்கள். ஆண், பெண் என்று பிரிக்காத கழிப்பறை, சத்தம் தாங்காதவர் சற்று உட்கார ஓர் அறை, யாராவது தொந்தரவு செய்தால் போய்ச் சொல்ல அடையாளம் தெரியும் ஓர் ஆள். இதில் கழிப்பறையும் வீல்சேர் வழியும்தான் பெரும்பாலும் சொதப்பும். பழைய கட்டடம், குறைந்த வாடகை, நாலு படி ஏறணும் என்று காரணம் சொல்வார்கள்.

சில இடங்களில் வாசலிலேயே உங்கள் மொபைல் கேமரா மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார்கள். உள்ளே ஆடுபவரின் ஆபீஸுக்கோ, வீட்டு ஓனருக்கோ, அம்மாவுக்கோ விஷயம் தெரியாமல் இருக்கலாம். ஒரே ஒரு ஸ்டோரி போதும், வேலை போக, வீடு போக. உங்கள் நண்பரின் ஸ்டோரியில் போஸ்டர் மட்டும் இருந்து, ஆடியவர்களின் முகம் ஒன்றுகூட இல்லையென்றால் காரணம் அந்த ஸ்டிக்கராக இருக்கலாம்.