கருவிலே திறக்கும் செவி

ஆடிப்பூரப் பெருவிழாவின்போது திருவண்ணாமலைத் திருக்கோயிலில் உண்ணாமுலையம்மைக்கு வளைகாப்பு நிகழ்வதைக் கண்டு தொழுகின்றோம். நம் இல்லங்களிலும் பெரும்பாலும் ஏழாந் திங்களில் கருவுற்ற மகளிர்க்கு வளைகாப்பு நிகழ்த்துகின்றோம். அந்தத் திங்களிற் குழவியின் செவி எந்நிலையில் உள்ளது என்பதை அறிதல் நலம்.

உட்செவியில் நத்தைக்கூடு போற் சுருண்ட உறுப்பு ஒன்று உண்டு. ஓசையை நரம்புக்கு உணர்த்தும் அவ்வுறுப்பு ஏறத்தாழ 24 வாரங்களில் உருப்பெறுகின்றது. 28 வாரங்கள் கடந்த குழவி, வெளியோசை கேட்டு இமை துடிப்பதை 1983-ஆம் ஆண்டில் ஆய்வாளர் படக்கருவியின் துணையாற் கண்டனர். பிறந்து மூன்று நாளும் நிரம்பாத மகவு, பிற மாதர் குரலினும் தன் தாயின் குரலையே விரும்புகின்றது என்பதும் 1980-இல் வெளியான ஆய்வினால் விளங்கிற்று.

எல்லா ஓசையும் ஒரு படித்தாய் உட்புகுவதில்லை. தாயின் உடலும் பனிக்குட நீரும் வளையோசை போன்ற கூரிய ஒலிகளைப் பெரிதும் தணிக்கும். பெருமுழக்கத்தின் தாழ்ந்த அதிர்வுகளை அவ்வளவாகத் தணிப்பதில்லை. தாயின் குரலோ அவள் உடல்வழியாகவே சென்று குழவியைச் சேர்கின்றது.

ஈண்டுதான் நாம் கருத்தூன்ற வேண்டும். கருவுற்ற காலத்தில் 85 டெசிபலுக்கு மேற்பட்ட இரைச்சலில் நாள்தோறும் பணிபுரிந்த தாயரின் மக்களுக்குச் செவிக்குறை மிகுதியாக நேர்ந்ததென ஸ்வீடன் நாட்டு ஆய்வொன்று 2016-இல் உரைத்தது. ஒருநாள் விழாவுக்கு அஞ்ச வேண்டுவதில்லை. எனினும் ஒலிபெருக்கியின் முன்னும் வெடி வெடிக்கும் இடத்தும் கருவுற்றாரை நிறுத்துதல் தகாது. தாய் தன் செவியைப் பொத்திக்கொள்வது அவளுக்கே காப்பு. குழவிக்குக் காப்பாவது விலகி நிற்றலே.

வேண்டிப் பெற்ற மகவைக் கரும்புத் தொட்டிலிலிட்டு மாடவீதி வலம்வரும் ஊர் இது. அத்தகைய பேற்றைக் கருவிலேயே பேணுதல் நம் கடன் அன்றோ? ஆதலின் விழா நடத்துவோர் கருவுற்ற மகளிர்க்கு முழக்கத்தினின்று விலகியதோர் இடம் ஒதுக்குக. ஒலிபெருக்கியின் விசையைக் குறைக்க. இல்லத்திலே அன்னை நாள்தோறும் தன் வாயாற் பதிகம் ஓதுக, இசைப்பயிற்சி வேண்டுவதில்லை. குழவிக்கு உகந்த குரல் அவள் குரலே. உண்ணாமுலையம்மை உடனுறை அண்ணாமலையார் அருளால் தாயும் சேயும் நலம் பெறுக!

திருச்சிற்றம்பலம்.