வைரசும் ஏட்டுச்சுவடியும்

2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் நம் நாட்டுப் பாடசாலைகள் மூடப்பட்டன. பல மாதங்களின் பின் வகுப்பறைக்கு மீண்டபோது, தமிழ்ப் பாடவேளையில் மாணவனொருவன் எழுந்து, "ஐயா, இந்தக் கொரோனா விலங்கிலிருந்து வந்ததா, ஆய்வுகூடத்திலிருந்து வந்ததா?" என வினவினான். விஞ்ஞான ஆசிரியரைக் கேட்குமாறு கூறி அன்று நாம் தப்பிக்கொண்டோம். வினாவோ நம்மை விட்டபாடில்லை. அதுபற்றிக் கிடைத்தவற்றைப் பின்னர் படித்து வந்தோம். படிக்கப் படிக்க, நமக்குப் பழக்கமான தொழிலொன்றே அங்கு வேறு பெயரில் நடைபெறக் கண்டோம்.

ஏடுகளை ஒப்புநோக்கி நூல்களைப் பதிப்பித்த வரலாற்றைப் பழைய மாணவர் மறந்திருக்கமாட்டார்கள். சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1887இல் கலித்தொகையை அச்சேற்றியது இவ்வாறே. ஏடெழுதுவோர் புள்ளியிடுவதில்லை; காலும் ரகரமும் ஒரே வடிவின. ஆதலாற் படிதோறும் பிழை புகும். ஒரே பிழை இரண்டு ஏடுகளில் ஒரே இடத்திற் காணப்படின், அவை ஒரு தாயேட்டின் வழிவந்தன என ஊகிக்கலாம். வேறுபாடு மிகுந்தோறும் உறவு தூரமாகும். வைரசும் உயிர்க்கலத்தினுட் புகுந்து தன்னைப் படியெடுத்தே பெருகுகின்றது. அதனுள் இருக்கும் ஆர்.என்.ஏ. என்னும் இழை நான்கே எழுத்துக்களால் எழுதப்பட்ட நீண்டதோர் ஏடு. கொரோனா வைரசின் ஏட்டில் எழுத்துக்கள் ஏறக்குறைய 30,000. தொடக்க காலத்தில் மாதத்துக்கு இரண்டளவில் அவை மாறிவந்தன. எனவே வேறுபாட்டை எண்ணிக் காலத்தையுங் கணிக்க இயலும்.

இம்முறையின் வலிமையையும் எல்லையையும் ஒருங்கே காட்டுவது 1977ஆம் ஆண்டு நிகழ்ச்சி. எச்1என்1 என்னும் இன்புளுவென்சா, 1957இல் ஆசிய இன்புளுவென்சா பரவியபின் மாந்தரிடையே மறைந்துபோயிற்று. இருபது ஆண்டு கழித்து, 1977 மே மாதத்தில் வடசீனத்தில் அது மீண்டும் தோன்றியது. நவம்பரிற் சோவியத்து நாட்டில் அறியப்பட்டுப் பின் உலகெங்கும் பரவிற்று. நோயுற்றோர் பெரும்பாலும் இருபத்தைந்து வயதுக்குட்பட்டோரே. மூத்தோருடல் அதனை முன்னரே அறிந்திருந்தது. 1978இல் பீற்றர் பலேசி முதலிய அறிஞர் ஒப்புநோக்கியபோது, 1950ஐ அண்டி உலவிய வைரசுகளை அது பெரிதும் ஒத்திருந்தது. இத்துணை ஆண்டு ஊர் ஊராய்ச் சுற்றிய வைரசில் இருக்கவேண்டிய பிழைகள் அதிற் காணப்படவில்லை. பெட்டகத்துட் பூட்டிவைத்த ஏடு வெளிவந்தாற்போல, எங்கோ உறைநிலையிற் கிடந்த வைரசு வெளிப்பட்டதென்பதே பலரும் கொண்ட முடிபு.

யார் கையால் அது வெளிப்பட்டது? ஆய்வுகூடக் கசிவன்று எனச் சீன, சோவியத்து விஞ்ஞானிகள் அக்காலத்தில் மறுத்தனர். படைவீரர் பல்லாயிரவரை உட்படுத்திய தடுப்புமருந்துப் பரிசோதனையே காரணமெனச் சீன அறிஞரொருவர் தம்மிடம் கூறியதாகப் பலேசி 2004இல் எழுதினார். அப்பரிசோதனையின் பதிவேடு எதுவும் வெளிவரவில்லை. வைரசு தன் வயதைச் சொல்லிற்று. பெட்டகத்தைத் திறந்தவரைச் சொல்லவில்லை.

இனி, மாணவன் கேட்ட கொரோனாவுக்கு வருவோம். விலங்குவழி, ஆய்வுகூடவழி ஆகிய இரண்டும் நிகழக்கூடியனவே. இதன் உறவினதாகிய சார்சு நோயே இரண்டிற்கும் சான்று. 2003இற் சீனத்துக் குவாங்டொங் மாகாணச் சந்தைகளில் விற்கப்பட்ட புனுகுப்பூனைகளில் சார்சு வைரசு கண்டறியப்பட்டது. 2004இல் அதே சார்சு பெய்சிங் நகர ஆய்வுகூடமொன்றிலிருந்து வெளியேறி, அங்கு பணியாற்றிய ஒருவரின் தாயைப் பலிகொண்டது. ஆகவே "அப்படி நடக்குமா?" என்று வாதிடுவதிற் பயனில்லை, "இம்முறை எது நடந்தது?" என்பதே வினா.

வூகான் வைரசின் எழுத்துவரிசை 2020 சனவரியில் வெளியிடப்பட்டது. அதற்கு நெருங்கிய உறவுகள் வௌவால்களிடத்தே காணப்பட்டன. சீனத்து யுன்னான் மாகாணச் சுரங்கமொன்றில் 2013இல் எடுக்கப்பட்டு வூகான் ஆய்வுகூடத்தில் ஆராயப்பட்ட ஒன்று நூற்றுக்கு 96 பங்கு ஒத்திருந்தது; லாவோசு நாட்டில் அறியப்பட்டு 2021இல் வெளியிடப்பட்ட மற்றொன்று அதனினும் சிறிது கூட ஒத்தது. 96 என்றதும் தாயேடு அகப்பட்டது எனச் சிலர் ஆரவாரித்தனர். கணக்குத் தெரிந்தவர் அமைதியாயினர். நூற்றுக்கு நான்கெனின் ஆயிரத்துக்கு மேற்பட்ட எழுத்துக்கள். அது பல பத்தாண்டுப் பிரிவு. இவை ஒன்றுவிட்ட உறவுகளேயன்றித் தாயல்ல.

மிகவும் வாதிக்கப்பட்டது ஓர் இடைச்செருகல். இவ்வைரசின் முட்புரதத்தைக் குறிக்கும் பகுதியில், நெருங்கிய உறவுகளில் இல்லாத பன்னிரண்டு எழுத்துக்கள் உள்ளன. மனிதக் கலத்துட் புகுவதற்கு அவை துணைசெய்கின்றன. இயற்கையில் வேறு கொரோனா வைரசுகளிலும் இத்தகைய அமைப்பு உண்டு. 2012இல் அறியப்பட்ட மேர்சு அவற்றுள் ஒன்று. எனினும், இத்தகைய அமைப்பை வௌவால் வைரசுகளிற் புகுத்திப் பார்க்கும் எண்ணத்தையும் உள்ளடக்கிய திட்டமொன்றை அமெரிக்க ஆய்வாளரும் வூகான் ஆய்வாளரும் கூடி 2018இல் அமெரிக்கப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்துக்குச் சமர்ப்பித்தனர். நிறுவனம் அதற்குப் பணம் வழங்க மறுத்தது. அவ்வேலை செய்யப்பட்டதற்குச் சான்றில்லை. ஐயம் எழுந்ததிலும் வியப்பில்லை.

சந்தையின் சான்று வேறு வகையது. 2019 டிசம்பரில் நோயுற்றோரின் வீடுகளைப் படத்திற் குறித்தபோது, அவை குவானன் சந்தையைச் சூழ்ந்து அமைந்தன. சந்தையோடு தொடர்பு அறியப்படாதவரின் வீடுகளும் அவ்வாறே. இவ்வாராய்ச்சி 2022இல் வெளிவந்தது. அதனைச் செய்தவருள் ஒருவரான மைக்கேல் வொறொபி, 2021இல் ஆய்வுகூடவழியையும் முறையாக ஆராய்தல் வேண்டுமெனக் கோரிய பதினெண்மருள் ஒருவர். சான்று கண்டு கருத்தை மாற்றுவது நம் பட்டிமன்றங்களில் அரிது. அன்றியும், சந்தையில் வைரசு காணப்பட்ட இடங்களில் ரக்கூன் நாய் என்னும் விலங்கின் மரபுப்பொருளும் இருந்தமை 2023இல் தெரியவந்தது. ஆயினும் விலங்கு அங்கு நின்றது என்பதற்கே அது சான்று; விலங்கு நோயுற்றிருந்தது என்பதற்கன்று. மாதிரி எடுக்குமுன் விலங்குகள் அகற்றப்பட்டுவிட்டன. சந்தையை ஐயுற்றே நோயாளரைத் தேடினமையால் சந்தையே தோன்றுகின்றது என்னும் மறுப்பும் உண்டு. அதனை இகழ்ந்து தள்ளலாகாது.

நம் கருத்தைக் கேட்பின், தராசு சந்தைப் பக்கமே தாழ்கின்றது என்போம். உலக சுகாதார நிறுவனம் அமைத்த அறிஞர் குழு 2025 யூனில் வெளியிட்ட அறிக்கையும், கிடைத்த சான்றுகளின் பாரம் விலங்குவழிப் பரவலையே சுட்டுகின்றது என்றது. ஆனால் முடிந்த முடிபாக அது கூறவில்லை. தொடக்க நோயாளரின் நூற்றுக்கணக்கான வைரசு எழுத்துவரிசைகள், சந்தைகளில் விற்ற விலங்குகள் பற்றிய விரிவான விவரங்கள், வூகான் ஆய்வுகூடங்களில் நடந்த வேலையும் பாதுகாப்பும் பற்றிய செய்திகள் ஆகியவற்றைக் குழு கேட்டது. சீன அரசு கொடுக்கவில்லை. 70 இலட்சத்துக்கு மேற்பட்டோரின் இறப்பு அந்நிறுவனத்துக்கு அறிவிக்கப்பட்ட நோய் இது. காட்டுவிலங்கு வாணிகத்தைக் கட்டுப்படுத்துவதோ, ஆய்வுகூடக் காவலை இறுக்குவதோ, இரண்டுமோ என முடிவுசெய்ய வேண்டியவர்கள் அவ்வேடுகள் இன்றியே முடிவுசெய்கின்றனர். ஒருபுறம், குற்றம் நிறுவப்படாத ஆய்வாளர் சிலர் உலகெங்கும் பழிசுமக்கின்றனர்.

அன்று வினவிய மாணவன் இப்போது பழைய மாணவருள் ஒருவன். இம்மலர் அவன் கைக்கு எட்டுமாயின், அன்று நாம் கூறாது விட்ட விடை இதுவெனக் கொள்வானாக.