பணம் கட்டும் முன் ஒருமுறை போய்ப் பார்த்துவிடுவோம்



பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாளே நம் ஊர்களுக்கு நோட்டீஸோடு ஆட்கள் வர ஆரம்பித்துவிடுகிறார்கள். "நாலு சீட்டுதான் பாக்கி, இன்னைக்கே அட்வான்ஸ் கட்டுங்க" என்கிறார்கள். நோட்டீஸில் பெரிய கட்டடம், முன்னால் பூந்தோட்டம். நாமும் குழுவில் உள்கடன் வாங்கிக் கொடுத்துவிடுகிறோம். ஆட்டுக்குட்டி வாங்கப் போனால் பல்லைப் பார்க்கிறோம், நடக்கவிட்டுப் பார்க்கிறோம். மகள் மூன்று வருடம் இருக்கப்போகும் இடத்தை மட்டும் படத்தில் பார்த்தால் போதுமா?

நம் தோழி ஒருவருக்கு நடந்ததை அவர் சம்மதத்தோடு எழுதுகிறோம். மகளின் நர்சிங் படிப்புக்காகக் குழுவில் நாற்பதாயிரம் கடன் வாங்கிக் கட்டினார். மகளும் இரண்டு வருடம் ஒழுங்காகப் படித்தாள், சான்றிதழும் வந்தது. வேலை கேட்டுப் போன மருத்துவமனையில், "கவுன்சில் பதிவு எண் எங்கே?" என்றார்கள். பதிவு எண் கிடையாது. கடைத்தெரு மாடியில் அங்கீகாரம் இல்லாமல் நடந்த நிலையம் அது. சேர்க்கும்போது தோழி அங்கே போகவே இல்லை, ஏஜெண்ட் வீட்டுக்கே வந்து பணம் வாங்கிப் போனார். தவணை இன்னும் போய்க்கொண்டிருக்கிறது. ஒரு மாதம்கூட அவர் தவறியதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இதற்குப் பிறகுதான், பிளஸ் டூ படிக்கும் பிள்ளைகளுள்ள தோழிகள் ஏழு பேர் மகள்களோடு பக்கத்து நகரத்து அரசு கலைக் கல்லூரியைப் பார்க்கக் கிளம்பினோம். ஜனவரி கடைசியில், ஒரு புதன்கிழமை. ரிசல்ட் வந்த பிறகு போனால் கல்லூரி விடுமுறையில் இருக்கும், சுவரைத்தான் பார்க்கலாம். வகுப்பு நடக்கும் நாளில் போனால்தான் விஷயம் தெரியும்.

வாசலில் காவலாளி, "யாரைப் பார்க்கணும்?" என்றார். "காலேஜைப் பார்க்கணும்" என்றோம். சிரித்துக்கொண்டே அலுவலகத்துக்கு வழி காட்டினார். அலுவலகப் படியில் ஒரு தோழி செருப்பைக் கழற்றிவிட்டார். "அம்மா, இது கோயில் இல்லை, போட்டுக்கோ" என்றாள் மகள். எங்களில் யாருமே அதுவரை கல்லூரிக்குள் கால் வைத்ததில்லை. பயம் இருந்தது உண்மைதான். கேட்க ஆரம்பித்ததும் போய்விட்டது.

முதலில் ஷிப்டைப் பற்றிக் கேட்டோம். பல அரசுக் கல்லூரிகளில் காலையில் ஒரு ஷிப்ட், மதியத்துக்கு மேல் இன்னொரு ஷிப்ட் நடக்கிறது. இரண்டாம் ஷிப்ட் கிடைத்தால் பிள்ளை ஊர் திரும்ப இருட்டிவிடும். 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பது தெரிந்ததுதான். ஆனால் எல்லா பஸ்ஸும் அந்த வகை இல்லை. நாங்கள் பிள்ளைகள் போகவேண்டிய அதே பஸ்ஸில் போய், அதே பஸ்ஸில் திரும்பினோம். சாயங்காலம் ஒன்றரை மணி நேரம் பஸ் நிலையத்தில் நிற்கவேண்டி வந்தது. நேரத்தை மாற்றக் கேட்டு டெப்போவில் மனு கொடுத்திருக்கிறோம்.

கழிப்பறைக்குக் கட்டாயம் உள்ளே போய்ப் பாருங்கள். தண்ணீர் வருகிறதா, தாழ்ப்பாள் இருக்கிறதா, நாப்கின் போட இடம் இருக்கிறதா? இது சரியில்லாவிட்டால் பிள்ளை நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருப்பாள். அதை நம்மிடம் சொல்லவும் மாட்டாள்.

மரத்தடியில் இருந்த இரண்டாம் ஆண்டு மாணவிகளோடு எங்கள் பிள்ளைகளைப் பேசவிட்டு நாங்கள் தள்ளி நின்றோம். எந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இல்லை, யார் நன்றாக நடத்துகிறார், கேலி கிண்டல் உண்டா என்பதெல்லாம் கால் மணி நேரத்தில் வந்துவிட்டது. அலுவலகத்தில் கேட்டால் இதெல்லாம் வருமா? ராகிங்குக்கு எதிராக நம் மாநிலத்தில் 1997 முதல் சட்டம் இருக்கிறது. பாலியல் தொந்தரவு புகாரை விசாரிக்க, 2013 சட்டப்படி உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். அந்தக் குழுவில் யார் யார் என்ற பலகை எங்கே இருக்கிறது என்று கேளுங்கள்.

தங்கிப் படிக்கும் பிள்ளையென்றால் விடுதியையும் பாருங்கள். ஆதிதிராவிடர் நல, பிற்படுத்தப்பட்டோர் நல விடுதிகள் (2025-ல் சமூகநீதி விடுதி என்று பெயர் மாற்றினார்கள்) பல ஊர்களில் கல்லூரியை விட்டுத் தள்ளி இருக்கின்றன. அந்தத் தூரத்தை ஒருமுறை நடந்து பாருங்கள்.

தனியார் கல்லூரி என்றால் கட்டணத்தை முதல் வருடத்துக்கு மட்டும் கேட்காதீர்கள். பரீட்சை, பஸ், சீருடை எல்லாம் சேர்த்து முழுப் படிப்புக்கும் எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். வங்கியில் கல்விக் கடன் கேட்கவும் அந்தத் தாள் வேண்டும். நான்கு லட்சம் வரை சொத்து ஜாமீன் தேவையில்லை. கந்துவட்டிக்குப் போகும் முன் வங்கிக்குப் போவோம்.

நர்சிங் என்றால் எங்கள் தோழியை நினைத்துக்கொள்ளுங்கள். பி.எஸ்சி. நர்சிங்குக்கு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழக இணைப்பும், டிப்ளமோவுக்குத் தமிழ்நாடு நர்சுகள் மற்றும் மருத்துவச்சிகள் கவுன்சிலின் அங்கீகாரமும் உண்டா என்று கேளுங்கள். கல்லூரிக்காரர் சொல்வதோடு விடாமல் கவுன்சிலிலும் விசாரியுங்கள். எந்த மருத்துவமனையில் பயிற்சி என்று கேட்டு அங்கேயும் ஒரு நடை போய் வாருங்கள். அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு 2022-ல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் ஆயிரம் ரூபாயும் அங்கீகாரம் பெற்ற இடத்தில் படித்தால்தான்.

இன்னொன்று. சேர்க்கையின்போது அசல் சான்றிதழைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும், பிடித்துவைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-ல் அறிவித்திருக்கிறது. பார்த்து வரப் போகும்போது மதிப்பெண் பட்டியலின் ஜெராக்ஸை மட்டும் எடுத்துப் போங்கள். அசல் பீரோவிலேயே இருக்கட்டும்.