மாதா மாதம் இந்த வயிற்று வலியைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டுமா?

இந்தத் தடவை பெண்களின் சங்கதி ஒன்றை எழுதுகிறேன். "டிரெசர் ஆம்பளையாச்சே, இதையெல்லாமா பேப்பர்ல எழுதுறது?" என்று சிலர் முகம் சுளிக்கலாம். சுளித்தாலும் பரவாயில்லை, படித்துவிடுங்கள். வீட்டு ஆண்களையும் படிக்கச் சொல்லுங்கள்.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்கும் ஒரு அக்கா மாதா மாதம் தோட்ட ஆஸ்பத்திரிக்கு வருவார். "தூரம் வந்திருச்சுங்க டிரெசர், நிமிர்ந்து நிக்க முடியல" என்பார். நானும் நாலு பனடோலைக் கொடுத்து, "பொம்பளைங்களுக்கு இது சகஜந்தானேம்மா, சூடா ஏதாவது குடிச்சிட்டுப் படுங்க" என்று அனுப்பிவிடுவேன். ஆறு வருடம் இப்படியே ஓடியது. மாதத்தில் இரண்டு மூன்று நாள் சம்பளம் போகும். மண்டோர், "வேலைக்குக் கள்ளம்" என்பார். கல்யாணமாகி நாலு வருடமாகியும் பிள்ளை இல்லை என்று வீட்டிலும் பேச்சு. கடைசியில் அரசாங்க ஆஸ்பத்திரியில், வயிற்றில் சின்னத் துளை போட்டு உள்ளே கேமரா விட்டுப் பார்த்தார்கள். நோயின் பெயர் எண்டோமெட்ரியோசிஸ் என்றார்கள். அந்தக் கடிதத்தைப் படித்த அன்று எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

கருப்பையின் உள்பக்கத்தில் மெல்லிய தோல் போன்ற ஒரு படலம் மாதா மாதம் வளரும். கரு தங்காவிட்டால் அது கரைந்து உதிரமாக வெளியேறும். இதுதான் மாதவிலக்கு. சில பெண்களுக்கு அதே மாதிரியான படலம் கருப்பைக்கு வெளியிலும், சினைப்பை மேலும் குடல் ஓரத்திலும் மூத்திரப்பை பக்கத்திலும் ஒட்டி வளர்ந்துவிடுகிறது. அதுவும் மாதா மாதம் தடித்து, கசிகிறது. ஆனால் அந்த இரத்தம் வெளியேற வழி இல்லை. உள்ளேயே புண்ணாகி, தழும்பாகி, ஒரு உறுப்பை இன்னொன்றோடு ஒட்ட வைத்துவிடும். ஏன் வருகிறது என்று மருத்துவம் இன்னும் முழுதாகக் கண்டுபிடிக்கவில்லை. பத்துப் பெண்களில் ஒருவருக்கு இருக்கலாம் என்பது உலகக் கணக்கு. உடம்புச் சூட்டாலோ, செய்வினையாலோ, அன்னாசி தின்றதாலோ வருவதில்லை. ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றவும் செய்யாது.

சாதாரண வலி ஒன்றிரண்டு நாளில், மாத்திரைக்கும் ஒத்தடத்துக்கும் அடங்கிவிடும். வேலையை விட்டுப் படுக்க வைக்கிற வலி, தூரம் வருவதற்கு முன்பே தொடங்கும் வலி, அந்த நாட்களில் மலம் மூத்திரம் போகும்போது குத்துகிற வலி, கணவனோடு சேரும்போது ஆழத்தில் வருகிற வலி, இவை சகஜம் இல்லை. வெளியே சொல்லுங்கள்.

சொல்வதற்கு ஒரு வழி இருக்கிறது. வீட்டில் குதிரைக் காலண்டர் தொங்குமே, அதில் தூரம் வந்த நாளுக்கு வட்டம் போடுங்கள். வலித்த நாளில் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஒரு எண், சாப்பிட்ட மாத்திரை, வேலைக்குப் போகாத நாள், எல்லாவற்றையும் அதிலேயே குறியுங்கள். மூன்று மாதம் குறித்து கிளினிக் கெசிஹாத்தானுக்கு எடுத்துப் போங்கள். டாக்டர் முன்னால் வாய் திறக்கக் கூச்சமாக இருந்தாலும் அந்தத் தாள் பேசும். ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை என்றால் நோய் இல்லை என்று அர்த்தம் ஆகாது. இதைப் பல பேர் தெரியாமல் திரும்பி வந்துவிடுகிறார்கள். பெரிய ஆஸ்பத்திரிப் பெண்கள் பிரிவுக்குக் கடிதம் கேளுங்கள்.

இனி, வீட்டில் நாமே செய்யக்கூடியது. போன்ஸ்தான் போன்ற வலி மாத்திரையை வலி உச்சிக்கு ஏறிய பிறகு போட்டால் பாதிப் பலன்தான். வலி தலைகாட்டும்போதே, பசியாறிய பிறகு, டாக்டர் சொன்ன அளவில் போட வேண்டும். வெறும் வயிற்றில் கூடாது. கேஸ்ட்ரிக், ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், பிள்ளை தங்கியிருக்கலாம் என்று நினைப்பவர்களும் கேட்காமல் தொடக்கூடாது. காய்ச்சலும் சேர்ந்திருந்தால் டெங்கியாக இருக்கலாம், அப்போதும் வேண்டாம். பக்கத்து வீட்டு அக்காவின் மருந்தை வாங்கிப் போடுகிற பழக்கத்தை விடுங்கள்.

சூடு நல்லது. உப்பையோ அரிசியையோ வாணலியில் வறுத்துத் துணியில் கொட்டி முடிந்து, கையில் வைத்துச் சூடு பார்த்து, அடிவயிற்றிலும் இடுப்பிலும் கால் மணி நேரம் ஒத்தடம் கொடுங்கள். கோடாலித் தைலம் தேய்த்த இடத்தில் சூடு வைக்காதீர்கள். தோல் வெந்துவிடும், இரண்டு பேருக்கு நானே கட்டுப் போட்டிருக்கிறேன்.

காட்டில் ஒதுங்க இடமில்லை என்று நம் பெண்கள் விடியற்காலையிலிருந்து மத்தியானம் வரை தண்ணீர் குடிப்பதில்லை. மலச்சிக்கல் வருகிறது, இந்த நோய்க்காரிக்கு அது வலி மேல் வலி. தண்ணீர் குடியுங்கள். ஒதுங்க மறைவான இடம் வேண்டும் என்று பெண்கள் சேர்ந்து கேளுங்கள், இது சங்கத்தில் பேச வேண்டிய விஷயம். கங்குங், முருங்கைக்கீரை, பப்பாளி சாப்பிடுங்கள். இரத்தம் அதிகம் போகிறவர்கள் இரத்தச் சோகைக்கும் சோதித்துக்கொள்ளுங்கள். வலி இல்லாத நாட்களில் சாயங்காலம் கொஞ்சம் நடப்பது நல்லது. வேலையிலேயே நடக்கிறோமே என்பீர்கள். அது குனிந்து சுமக்கிற நடை, இது கை வீசிப் போகிற நடை.

டாக்டர் ஹார்மோன் மாத்திரை கொடுத்தால், "கல்யாணமாகாத பிள்ளைக்குக் கருத்தடை மாத்திரையா!" என்று தாய்மார்கள் கோபப்பட்டு, குப்பையில் போட்டுவிடுகிறார்கள். அந்த மாத்திரை இங்கே வேறு வேலை செய்கிறது. வளரும் படலத்தை அடக்கி வைக்கத்தான் அது. நிறுத்தினால் வலி திரும்பலாம். இரத்த அழுத்தம், ஒற்றைத் தலைவலி இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். பிள்ளை வேண்டும் என்றால் அதையும் சொல்லுங்கள், வைத்தியம் மாறும். "பிள்ளை பெத்தா சரியாப் போயிடும்" என்பதை நம்பி யாரும் அவசரக் கல்யாணம் பண்ணி வைக்காதீர்கள். வலி கொஞ்ச காலம் அடங்கினாலும் திரும்ப வருவதுண்டு. இந்த நோய் இருந்தும் பிள்ளை பெற்றவர்கள் நிறைய.

கடும் காய்ச்சலோடு வயிற்று வலி, மயக்கம், மணிக்கு ஒரு பேட் நனைவது, நாள் தள்ளிப்போய் ஒரு பக்கமாகக் குத்துவது, இவற்றில் எது வந்தாலும் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

வேலைக்கு வர முடியாத நாளில் டாக்டரிடம் எம்.சி. வாங்குங்கள். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, இரண்டு வருடத்துக்குள் வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 14 நாள், இரண்டு முதல் ஐந்து வருடம் வரை 18 நாள், அதற்கு மேல் 22 நாள் சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு. எம்.சி. இல்லாமல் வீட்டில் படுத்தால் சம்பளமும் போகும், கெட்ட பெயரும் வரும்.

கணவன்மார்களுக்கு ஒரு வார்த்தை. அவள் வேண்டாம் என்று ஒதுங்குவது வெறுப்பால் அல்ல, உள்ளே புண் இருப்பதால். அந்த மூன்று நாள் தண்ணீர் வாளியைத் தூக்கிக் கொடுங்கள், சோற்றை வடித்துவிடுங்கள்.

அந்த அக்கா இப்போது தினம் ஒரு மாத்திரை சாப்பிடுகிறார். போன மாதம் காலண்டர் தாளைக் கொண்டுவந்து காட்டினார். வேலைக்குப் போகாத நாள் ஒன்றே ஒன்றுதான். "அதுவும் மழையாலதான் டிரெசர்" என்றார்.