நரம்பெடுத்த பல் ஏன் உடைகிறது?

ரூட் கேனால் செய்த பல் காய்ந்து நொறுங்கிவிடும் என்பது பரவலான நம்பிக்கை. ஆய்வகச் சோதனைகள் அதை ஆதரிக்கவில்லை. நரம்பு போனதால் பல்லின் உட்பொருளான டென்டின் பெரிதாகப் பலவீனமடைவதில்லை.

பிறகு ஏன் உடைகிறது? சொத்தையும் டிரில்லும் தின்ற பகுதியால்தான். 1989-இல் ரீ, மெஸ்ஸர், டக்ளஸ் மூவரும் பிடுங்கிய சிறு கடைவாய்ப் பற்களை அழுத்திப் பார்த்தார்கள். நரம்பெடுக்கப் போடும் துளையால் பல்லின் விறைப்பு 5 சதவீதமே குறைந்தது. முன், பின் ஓரங்கள் இரண்டையும் வெட்டி அடைப்புக்குக் குழி தோண்டியபோதோ 63 சதவீதம் போயிற்று. கன்னப்பக்கச் சுவரையும் நாக்குப்பக்கச் சுவரையும் சேர்த்துப் பிடிப்பவை அந்த ஓரங்கள்தாம். அவை இல்லாவிட்டால், வெறும் அடைப்போடு ஒவ்வொரு கடியிலும் சுவர்கள் விரியும்.

அதனால்தான் கடைவாய்க்குப் பெரும்பாலும் பல்லை மூடும் கேப். சேதம் குறைந்த முன்பல்லுக்குப் பல்நிற அடைப்பே போதும். அங்கே கேப்புக்காகச் செதுக்குவது வீண் இழப்பு. கேப்பின் விளிம்பு, சொந்தப் பல்லை 1.5 முதல் 2 மில்லிமீட்டர் உயரத்துக்காவது சுற்றிப் பிடிக்க வேண்டும், வண்டிச் சக்கரத்துப் பட்டாவைப் போல.

வேருக்குள் இறக்கும் தண்டான போஸ்ட் பல்லைப் பலப்படுத்தாது. மேலே கட்டுவதற்குப் பிடிமானம் தருவதே அதன் வேலை. அதற்காகக் குடைவதில் வேர்ச்சுவர் மெலியும். உலோகப் போஸ்ட் டென்டினைவிட மிக விறைப்பானது. அதனால் வேர் பிளக்கும் அபாயம் உண்டு. வேர் நீளவாக்கில் பிளந்தால் பெரும்பாலும் பல்லைப் பிடுங்கத்தான் வேண்டும். ஃபைபர் போஸ்ட் ஓரளவு வளைந்து கொடுக்கும். அது தோற்றால் பெரும்பாலும் கழன்றுதான் வரும், மறுபடி ஒட்டிக்கொள்ளலாம்.